இரண்டு பக்கமும் எழுதிய காகிதம்

கொல்கத்தா என்றால் ஹௌரா பாலம்தான் என்று ரயில் ஏறியது முதல் மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் எவ்வளவு பெரியது, கீழே ஆறு எப்படி ஓடும், அதில் படகு எப்படிப் போகும் என்று விரல்களை வளைத்துக் கட்டியும் காட்டினேன். ரயில் ஹௌராவுக்கு முந்தைய நிலையமான சாந்த்ராகாச்சியோடு நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை தண்டவாளம்.

"அம்மா, பாலம் எங்க?" என்றாள் யாழினி.

நடைமேடைகளுக்கு மேலே போகும் இரும்பு நடைபாலத்தைக் காட்டினேன். நான்கு வயதுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

"இதுல தண்ணியே இல்லையே."

நாங்கள் பாலம் பார்க்க வந்தவர்களும் அல்ல. முப்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு வடிவமைப்பில் முதுகலை படிக்கிறேன். இது சரியான முடிவுதானா என்று வாரத்துக்கு இரண்டு முறை யோசிப்பேன். தேர்வுக் காலத்தில் தினமும். இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தந்த வேலை இது: தெரியாத ஊர் ஒன்றுக்குப் போய், அங்கே ஏதாவது ஒரு பொருள் வீணாகாமல் கைமாறிக்கொண்டே இருக்கும் வழியைக் கண்டுபிடித்து, அந்த வலைப்பின்னலை வரைபடமாக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த ஊரிலேயே மதிப்பீடு. தேறினால் கடைசிப் பருவம். தேறாவிட்டால் ஓராண்டு திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிப்பதில்லை, அத்தோடு நிறுத்திக்கொள்வது என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். கணவர் செந்திலிடம் சொல்லவில்லை. சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். யாராவது எனக்கு ஆறுதல் சொன்னால் பயம் இரண்டு மடங்காகும்.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு விதி உண்டு. இந்த வேலைக்குப் புதுக் காகிதம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு பக்கம் அச்சான காகிதத்தின் மறுபக்கத்தில்தான் வரைய வேண்டும். நீடித்த பயன்பாடு பற்றிப் படிப்பவர்கள் புதுத் தாளில் வரைந்து அதைப் பற்றிப் பேசினால் மரம் சிரிக்கும் என்பார். நானும் செந்தில் அலுவலகத்திலிருந்து பழைய அறிக்கைத் தாள்களை ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன். அதோடு வெப்பமானி, சத்துமாவு, இரண்டு விதக் காய்ச்சல் மருந்து, மூன்று ஸ்வெட்டர், டம்ளர், இன்னொரு டம்ளர். எட்டு நாளைக்கு.

தங்கியது டாலிகஞ்சில், கோமதி அத்தை வீட்டில். மாமனாருக்குச் சித்தப்பா மகள். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அத்தை பிறந்தது, படித்தது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றது எல்லாம் இதே ஊரில். தமிழைத் திருநெல்வேலியாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வங்காளி. சாம்பாரில் சர்க்கரை போடுவார். அதைச் சொன்னால், சர்க்கரை போடாத சாம்பாரைத் தான் இதுவரை எங்கேயும் சாப்பிட்டதில்லை என்பார்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "ஏட்டி, பிள்ளைக்குக் குல்லா எங்க?"

"குளிரலைங்க அத்தை. எங்க ஊர்ல தை மாசம் இதே மாதிரிதான் இருக்கும்."

"உங்க ஊரு வேற. தாண்டா லேகே ஜாபே."

குளிர் பிடித்துவிடும் என்று அர்த்தம். அடுத்த எட்டு நாளில் அந்த வாக்கியத்தை அத்தை, பால்காரர், மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதிக்கும் பெண், எதிர் வீட்டுக்காரர் என்று இந்த நகரமே என்னிடம் சொன்னது. பத்து நிமிடத்தில் யாழினி தலையில் ஒரு குரங்குக் குல்லா ஏறியது. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. அவள் அதைக் கழற்றவே இல்லை. நான்கு வருடமாக நான் எந்தத் தொப்பியையும் அவள் தலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்த முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லூச்சியும் உருளைக்கிழங்கும். பூரிதானே என்று சொல்லிவிட்டேன். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, மைதா மாவுக்கும் கோதுமை மாவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தேநீர் முடியும் வரை விளக்கினார். அதன் பிறகு நான் எந்தப் பலகாரத்துக்கும் எங்கள் ஊர்ப் பெயர் சொல்லவில்லை.

நான் எதைப் பற்றிப் படிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் கேட்டார். ஒரு பொருளை வீணாக்காமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவது எப்படி என்று வகுப்பில் பழகிய சொற்களில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு ரெண்டு வருசமா?"

"ஆமாங்க அத்தை."

"நாங்க சும்மாவே செய்யுதோமே."

அது பொய் இல்லை. தேதி முடிந்த எதுவும் அந்த வீட்டுக் கூடத்தில் ஓர் இரவுகூடத் தங்காது. அன்றைய நாளிதழ் மாலை ஆறு மணிக்கு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அடுக்குக்குப் போய்விடும். நாட்காட்டித் தாளை அன்று மாலையே கிழித்துவிடுவார். பால் உறை கழுவப்பட்டுக் கொடியில் தொங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். அந்த இடத்துக்கு ஒரு பழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் நானும் என் பையும் மகளும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு மேசையில் வரைந்து முடித்ததும் தாள்களைச் சுருட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகத் தேடி, மாடிப்படிக்கு அடியில் நாளிதழ் அடுக்கின் மேல் வைப்பேன். தினமும் அங்கேதான். மரியாதையான விருந்தாளி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெஹாலாவில் என் பொருளைக் கண்டுபிடித்தேன். தெருவோரத்தில் யாழினிக்குக் கடுகெண்ணெய் போட்ட காரப்பொரி வாங்கித் தந்தேன். வாங்கும் முன் தண்ணீர், எண்ணெய், அந்த ஆள் கை கழுவினாரா என்று மூன்று சந்தேகம். வாங்கிய பின் இன்னும் நான்கு. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையைப் பார்த்தேன். நம் ஊர்க் கூம்புப் பொட்டலம் இல்லை. அடியும் பக்கமும் மடித்து ஒட்டிய சிறிய காகிதப் பை. டோங்கா என்கிறார்கள். யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் கணக்கு விடைத்தாள். பிள்ளை வகுத்தலில் தப்புச் செய்திருந்தது. ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். அந்தத் தப்புக்குள் என் மகள் பொரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்றும் மறுநாளும் பொரிக்கடை, மளிகைக்கடை, வடை சுடும் கடை என்று அலைந்து, பை எங்கிருந்து வருகிறது என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். பழைய காகிதம் வாங்குபவர், அவரிடமிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை. நான்கு நான்கு தாளாக நாடாவால் ஒட்டி, பன்னிரண்டு பெரிய படங்கள். அம்புக்குறிகள் எல்லாம் ஒரே அளவு. ரொம்ப நாளைக்குப் பிறகு என் வேலை எனக்கே பிடித்திருந்தது. அப்போதே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை மாடிப்படிக்கு அடியில் தரை தெரிந்தது.

நாளிதழ் அடுக்கு இல்லை. என் சுருளும் இல்லை. குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"அத்தை, இங்க பேப்பர் இருந்துச்சுங்களே?"

"நேத்து சாயங்காலம் கோபால் வந்தான். போட்டுட்டேன்." கோபால் என்பவர் பழைய சாமான் வாங்குபவர், சைக்கிளில் வருவார்.

"என்னோட படமும் அதுமேலதாங்க இருந்துச்சு."

அத்தை முகம் ஒரு நொடி மாறியது. உடனே சரியாகிவிட்டது. "உன் படத்தை நான் எதுக்குட்டிக் கொடுக்கேன்? பழைய பேப்பரைத்தான் கொடுத்தேன். நீ வேற எங்கயாவது வச்சிருப்ப. நல்லாத் தேடு."

தேடினேன். அத்தையும் தேடினார், அரிசி டின்னுக்குள் கூட. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செருப்பு மாட்டினோம். மதிப்பீட்டுக்கு இன்னும் இரண்டு நாள். அத்தையிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அவர் வீடு, அவர் மாடிப்படி, அவர் பழக்கம். அங்கே வைத்தது நான். அதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தலாம் என்றால், கொடுக்கவே இல்லை என்பவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

கோபாலுக்குக் கைபேசி உண்டு, ஆனால் எண் அத்தையிடம் இல்லை. "எதுக்கு? செவ்வாய்னா இந்தத் தெரு, புதன்னா தபாலாபீஸ் பின்னாடி. முப்பது வருசமா." அங்கே போய் நின்று காதால் தேடினோம். மீன்காரர் ஒரு குரல், விளக்குமாறு விற்பவர் ஒரு குரல், யாரோ பாட்டுப் பயிற்சி ஒரு குரல். எல்லாவற்றுக்கும் பின்னால் "பிக்ரீ" என்று பழைய சாமானுக்குக் கூவும் நீண்ட குரல் வந்ததும், குரங்குக் குல்லாவோடு யாழினிதான் முதலில் ஓடினாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்ட கோபால், அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வங்காளியில் நடந்த பேச்சு, ஊர் திரும்பும் முன் அத்தை வாயாலேயே எனக்குத் தமிழில் கிடைத்தது.

"மாஷிமா, சுருட்டின பேப்பரா? இருந்துச்சே. நீங்கதானே அதை நடுவுல வச்சு மிதிச்சுக் கட்டச் சொன்னீங்க?"

"நான் எப்பச் சொன்னேன்? இந்தப் பொண்ணு எல்லாத்தையும் கண்ட இடத்துல போடும். எங்க கொண்டு போட்ட, அதைச் சொல்லு."

அவர் பெஹாலாவில் ஒரு கிடங்கைச் சொன்னார்.

ஆட்டோ. எங்கள் ஊரில் ஆட்டோ என்றால் கையைக் காட்டி, இடம் சொல்லி, சண்டை போட்டு ஏற வேண்டும். நான் வழக்கப்படி வரிசையின் முன்னால் நின்ற ஆட்டோவிடம் கையைக் காட்டி, கிடங்கு வாசல் வரை வரச் சொல்லிச் சண்டையைத் தொடங்கிவிட்டேன். ஓட்டுநர் என்னைப் பேருந்திடம் வீட்டுக்கு வரச் சொன்னவளைப் போலப் பார்த்தார். வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். இங்கே ஆட்டோ ஒரே பாதையில்தான் ஓடும். நான்கு பேர் சேர்ந்ததும் கிளம்பும். அத்தை என் கையைப் பிடித்து வரிசையின் கடைசிக்கு நடத்திப்போனார்.

பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எதையோ இழுத்துக்கொண்டிருந்தபோது யாழினி ஒரே ஒரு முறை இருமினாள். பக்கத்தில் இருந்த அம்மாள் துளசிச் சாறு என்றார். முன் இருக்கைக்காரர் துளசியெல்லாம் பழைய காலம், ஹோமியோபதிதான் என்றார். ஓட்டுநர் இயந்திரத்துக்குள்ளிருந்து தலையை எடுத்து, பால் கொடுக்காதீர்கள் என்றார். வயிறு எப்படி, மலம் எப்படி என்று அந்த அம்மாள் கேட்க, அத்தை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என் மகளின் வயிற்றைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பிள்ளையின் பெயரைக் கேட்டாலே நான் பையை இறுக்கிப் பிடிப்பேன். வகுப்பில் வலைப்பின்னல் என்றால் புள்ளியும் கோடும். இங்கே ஓர் இருமல் போதுமாக இருந்தது. ஆட்டோ கிளம்பியபோது எனக்கு லேசாக வருத்தம், ஹோமியோபதிக்காரர் தோற்றுக்கொண்டிருந்தார்.

கிடங்கில் காகிதம் இனம் பிரித்துக் கிடந்தது. முதலாளி சுருளைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "ஆபீஸ் காகிதம்தானே? வெள்ளையா, கெட்டியா? அது முதல் தரம். அதெல்லாம் இங்க நிக்காது. காலையில கதவு திறந்ததும் ஷெஃபாலி எடுத்துட்டுப் போயிட்டா."

படிக்கத் தொடங்கியதிலிருந்து என் வேலைக்கு முதல் தரம் என்று யாரும் சொன்னதில்லை.

ஷெஃபாலியின் வீடு இரண்டு சந்து தள்ளி. என் வயதுதான் இருக்கும். வாசலில் பாய் விரித்து, மடியில் ஒரு பலகை, பக்கத்தில் பசைச் சட்டி. வெயிலில் வரிசையாகப் பைகள் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்திலிருந்தே என் அம்புக்குறிகள் தெரிந்தன. ஒரு பையில் 'கிடங்கு' என்ற சொல்லில் பாதி. இன்னொன்றில் ஓர் அம்பு பையின் ஓரம் வரை வந்து எங்கேயும் போகாமல் நின்றது.

அத்தை விஷயத்தைச் சொன்னார். ஷெஃபாலி கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா முறை வைத்துச் சொன்னாள்: "நல்ல பேப்பர், தீதி. ஆனா எந்தப் புத்தி கெட்டவங்களோ ஊடால பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருக்காங்க. நாடா மேல பசை பிடிக்காது. ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போச்சு."

வீணாகாத பொருள் பற்றிய படத்தைப் பிளாஸ்டிக் நாடாவால் ஒட்டிய அந்த நபர் யார் என்று நான் சொல்வதாக இல்லை.

"இவதான்," என்றார் அத்தை, என்னைக் காட்டி.

என் படங்கள் நாற்பத்தெட்டுப் பைகள் ஆகியிருந்தன. பதினேழு ஏற்கெனவே முனைக் கடைக்குப் போய்விட்டன. மீதி முப்பத்தொன்று இங்கே. "உன்னோடதுன்னா எடுத்துக்கோ," என்றாள் ஷெஃபாலி. "ஆனா கடைக்காரருக்கு மத்தியானத்துக்குள்ள கட்டு நிறையணும். சொல்லிட்டேன். நீ எடுத்தா எனக்குக் குறையும்."

எடுத்தால் இந்தப் பெண்ணின் காலை வீண். எடுக்காவிட்டால் என் பருவம் வீண். வீணாக்காதிருப்பது பற்றி இரண்டு வருடம் படிப்பவளுக்கு இதற்கு ஒரு பதில் தெரிந்திருக்க வேண்டும். நான் நின்றுகொண்டே யோசித்தேன். அத்தை சேலையைச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தொண்ணுதானே? மூணு பேர் ஒட்டினா எவ்வளவு நேரம்? உக்காருட்டி."

ஒட்டினோம். ஷெஃபாலி அளவுகோல் இல்லாமல், பார்வையாலேயே தாளை வெட்டினாள். பலகையில் ஒரு தட்டு, விரலில் பசை, அடியை மடித்து ஓர் அழுத்து, பை. என்னுடைய முதல் பையைத் தூக்கிப் பார்த்து, "இதுல கடலை போட்டா வாங்கினவரு வீட்டுக்கு வெறும் கையோட போவாரு," என்றாள். அத்தையின் பைகள் நன்றாக இருந்தன. வங்கியில் காகிதம் பிடித்த கை. யாழினி பசையை மூக்கில் பூசிக்கொண்டாள். மைதாவோடு மயில்துத்த விஷமும் கலந்த பசை என்று தெரிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். துத்தம் கரப்பான்பூச்சி அரிக்காமல் இருப்பதற்காம். எனக்கு அது போதவில்லை. மூன்று முறை கழுவினேன்.

திரும்பி வந்தபோது ஷெஃபாலி காய்ந்த பைகளைத் தரையில் அடுக்கி என் படங்களில் ஒன்றைச் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து வெளிப்பக்கமாக வரும்படி ஒட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். உன் பேனா மை சூடான வடை பட்டால் கரையும், அச்சு மை கரையாது, அதனால் அச்சுப் பக்கம் உள்ளே என்றாள். நான் எந்தப் பக்கத்தையும் அப்படிப் பார்த்ததில்லை.

"இது என்ன படம்?"

காகிதம் போகும் வழி என்று அத்தை சொன்னார்.

"அப்படின்னா நான் எங்க இருக்கேன்?"

கடைக்காரர்கள் சொன்னதை வைத்து வரைந்த படம் அது. கிடங்குக்கும் கடைக்கும் நடுவில் அழகான ஒரு கட்டம் போட்டு 'மறுபயன்பாட்டுச் செயல்முறை' என்று எழுதியிருந்தேன். அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்து, வங்காளியில் பெயர்த்தார்: "நடுவுல ஏதோ நடக்குதுன்னு எழுதியிருக்கா."

ஷெஃபாலி பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அந்த ஏதோ நான்தானா?"

பிறகு அவள் சொல்ல அத்தை பெயர்க்க நான் எழுதிக்கொண்டேன். பள்ளித் தேர்வு முடிந்தால் எந்த வாத்தியார் வீட்டிலிருந்து தாள் வரும், பெரிய பை ஒட்டும் ஓரகத்தி எந்தச் சந்தில் இருக்கிறாள், மழைக்காலத்தில் பை காயாதபோது தெருமுனை இஸ்திரிக்காரரின் மேசைக்கு அடியில் சூட்டுக்கு வைத்துக் காயவைப்பது, அதற்குப் பதிலாக அவருக்குத் துணி சுற்றித்தரப் பெரிய தாள் தருவது. அந்த இஸ்திரி மேசை யார் யோசனை என்று கேட்டேன். யோசனையா, மழை பெய்தது, வேறென்ன செய்வது என்றாள். படைப்பாற்றல் பற்றி நாங்கள் வகுப்பில் வண்ண வண்ணச் சீட்டு ஒட்டி விவாதித்த மதியங்கள் நினைவுக்கு வந்தன.

கட்டு நிறைந்தது. முப்பத்தொரு பைகளோடு கிளம்பினோம். முனைக் கடையில் மீதிப் பதினேழையும் கேட்கலாம் என்று போனால், கடைக்கு எதிரே ஒருவர் நின்றபடி வடை தின்றுகொண்டிருந்தார். கையில் என் ஏழாவது படத்தின் மேல் இடது மூலை. எண்ணெய் ஊறி நன்றாகப் பளபளத்தது. அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"கேக்கட்டுமா?" என்றார் அத்தை.

"வேண்டாங்க அத்தை. சாப்பிடட்டும்."

வியாழன் முழுவதும், நடுவில் ஷெஃபாலிக்கு ஒரு வட்டம் போட்டு, புதுப் படம் வரைந்தேன். சாப்பாட்டு மேசையில்தான், சாப்பாட்டை அத்தை தரைக்கு மாற்றிவிட்டார். படத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கொடுத்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை, கேட்க எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக அவர் யாழினிக்குப் புது வெல்லத்தில் செய்த சந்தேஷை ஊட்டிக்கொண்டே இருந்தார். சத்துமாவு டப்பா திறக்கப்படவில்லை. ஒரு நாளைக்கு ஓர் இனிப்பு என்ற என் விதி நான்காவது சந்தேஷில் போயிற்று. அவள் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது எனக்கு நிம்மதியாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதிப்பீடு தெற்குக் கொல்கத்தாவில் ஒரு கல்லூரிக் கூடத்தில். "அந்தக் கட்டடத்தைப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பு," என்று அத்தையும் கிளம்பினார். பின்வரிசையில் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க ஆரஞ்சு வாசனை.

என்னுடன் படிப்பவர்கள் திரையில் நகரும் படங்கள் காட்டினார்கள். அம்புகள் தாமாக ஓடின. நான் முப்பத்தொரு பைகளைக் கயிற்றில் மாட்டி, நடுவில் புதுப் படத்தை ஒட்டினேன், நாடா இல்லாமல், ஷெஃபாலி தந்த பசையால். நடுவர் உள்ளூர்க்காரர், கழுத்தில் மஃப்ளர், கையில் கைக்குட்டை, உண்மையாகவே குளிர் பிடித்தவர். ஒவ்வொரு பையையும் உள்ளே எட்டிப் பார்த்தார். ஷெஃபாலியின் வட்டத்தையும் இஸ்திரி மேசையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இது எங்கே தொடங்குகிறது? பழைய காகிதக்காரருக்கு யார் தருகிறார்கள்?"

"வீடு," என்றேன்.

"வீடு என்பது சுவர். வீட்டில் யார்? இது வேலை முடிந்த காகிதம், இனி வேண்டாம் என்று யாரோ ஓர் ஆள் தீர்மானிக்கிறார் அல்லவா? அந்தத் தீர்மானம் இல்லாமல் உங்கள் படத்தில் எதுவும் நகராது. அது யார், எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார் என்று தெரியாமல் இதை எப்படி ஏற்பது?"

எனக்குப் பதில் தெரியும். பதில் பின்வரிசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுப்பதா? பொதுவாக, குடும்பத்தலைவி என்று சொல்லிவிடலாமா? அது பொய்யா? அரைப் பொய்யா? நடுவர் பேனாவை மதிப்பெண் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பொதுவா..." என்று தொடங்கினேன்.

"நான்தான்," என்று பின்னாலிருந்து வங்காளியில் ஒரு குரல். அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார், மடியில் ஆரஞ்சுத் தோலோடு. "நான்தான் போட்டேன். கோபால்கிட்ட. இந்தப் பொண்ணோட படத்தையும் சேத்துத்தான். விரிச்சுப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் எழுதியிருந்துச்சு. எங்க வீட்டுல ரெண்டு பக்கமும் எழுதியாச்சுன்னா அந்தப் பேப்பரோட வேலை முடிஞ்சுது. நீங்களே சொல்லுங்க, அதைப் பார்த்தா யாராவது வச்சுக்கிற பேப்பர் மாதிரியா இருந்திருக்கும்?"

முதலில் சிரித்தவர் நடுவர்தான். மறுபக்கத்தில் வரையும் விதி யாருடையது என்று கேட்டார். பேராசிரியருடையது என்றேன். "அதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளில் எதையோ எழுதினார். "கடைசிப் பருவத்துக்குப் போகலாம். ஆனால் இந்த அம்மாவைப் படத்தில் சேர்த்த பிறகு. இப்போதே."

நான் பேனாவை எடுக்கும் முன் அத்தை முன்னால் வந்துவிட்டார். மகள் அவர் இடுப்பில். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, 'வீடு' என்ற சொல்லின் மேல் ஒரு வட்டம் போட்டு, உள்ளே வங்காள எழுத்தில் கோமதி என்று எழுதினார். தமிழ் அவருக்குப் பேச மட்டும்தான் வரும். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"ரெண்டு நாளாச் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல." உடனே பேனாவை நீட்டினார். "சரி, என்னைய மட்டும் போட்டா எப்படி? பழைய பேப்பர் மேல கொண்டு வச்சவ யாரு?"

அவர் வட்டத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, யாருக்கும் மறைக்காதபடி சின்னதாக ஒன்று போட்டேன்.

அத்தை குனிந்து பார்த்தார். "இது யாரு கண்ணுக்குத் தெரியும்? நல்லாப் பெருசாப் போடுட்டி."

போட்டேன்.